புத்தக ஓரத்தில் எழுதலாமா?



போன வாரம் என்னிடம் படித்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. "ஐயா, பாடப்புத்தகம் முழுக்க ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைக்கிறாள். செய்யுள் பகுதியில் வெள்ளை இடமே இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்றார். அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று கேட்டேன். இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு சொல்லுக்குக் கீழே கோடு, பக்கத்தில் "போன வருஷம் இதற்கு வேறு பொருள் படித்தோமே?" என்று ஒரு கேள்வி. இன்னோர் இடத்தில் ஒரு நீண்ட சொல்லை மூன்றாகப் பிரித்துப் போட்டு, மூன்றாவது துண்டுக்கு மேல் ஒரு கேள்விக்குறி.

அந்தப் பிள்ளையை நான் கண்டிக்கவில்லை. "அவள் கிறுக்கவில்லை தம்பி, உரை எழுதுகிறாள்" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பதை விளக்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆற அமரப் படியுங்கள். நான் செய்த ஒரு தவறும் இதில் வருகிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உரை என்றதும் நம்மில் பலருக்குக் கோனார் உரை நினைவுக்கு வரும். அதில் குற்றமில்லை. நானும் அதைத் தொட்டுத்தான் கரையேறினேன். ஆனால் உரை என்பது தேர்வுக்கான விடை என்ற எண்ணம் அதோடு சேர்ந்து நம் மனத்தில் ஊறிவிட்டது. பழைய தமிழ் உரைகளின் வரலாற்றைப் பார்த்தால் அது விடையோடு நிற்பதில்லை. ஒருவர் கேட்ட கேள்வியை அடுத்தவர் எடுத்துக்கொண்டு மேலே போகிறார். அப்படித்தான் பல நூற்றாண்டுகள் நடந்திருக்கிறது.

தொடக்கத்திலிருந்து வருவோம். நமக்குக் கிடைத்திருக்கும் உரைநூல்களில் மிகப் பழையது இறையனார் களவியல் உரை. அந்த உரையே தன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்கிறது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் பஞ்சம். பஞ்சம் தீர்ந்தபின் அரசன் புலவர்களைத் தேடி ஆள் அனுப்புகிறான். எழுத்து தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள், சொல் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள், பொருள் தெரிந்தவர் மட்டும் யாரும் இல்லை. பொருளை ஆராயத்தானே எழுத்தும் சொல்லும், பொருள் இல்லாவிட்டால் அவை இருந்தும் பயனில்லை என்று அரசன் வருந்துகிறான். ஆலவாய் இறைவனே அறுபது சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின் கீழே வைத்தருளினான் என்று கதை போகிறது.

இனிமேல்தான் சுவையான இடம். நூல் கிடைத்துவிட்டது. சங்கப் புலவர் நாற்பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு உரை சொல்கிறார்கள். எது சரி? உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன் என்ற சிறுவனை நடுவராக உட்கார வைக்கிறார்கள். ஐந்து வயது, பேச்சு வராதவன். ஒவ்வொருவராக உரை சொல்லிக்கொண்டே வர, அவன் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறான். மருதனிளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் கண்ணீர் வடிக்கிறான். நக்கீரர் உரைத்தபோது சொல்லுக்குச் சொல் மெய்சிலிர்த்துக் கண்ணீர் விடுகிறான். அதுவே தீர்ப்பாகிவிட்டது.

கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இதை உண்டாக்கியவர்கள் எப்படி நினைத்தார்கள் என்று பாருங்கள். ஒரே நூலுக்கு நாற்பத்தொன்பது உரை இருக்கலாம் என்பது அவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது. கேட்பவன் மனத்தில் போய்ச் சேருவதே நல்ல உரைக்கு அடையாளம் என்றும் நினைத்திருக்கிறார்கள். அந்த உரை நக்கீரர் தொடங்கி முசிறி ஆசிரியர் நீலகண்டனார் வரை ஆசிரியர்-மாணவர் வழியில் வாய்மொழியாகவே கைமாறி வந்தது என்று அந்நூலே வரிசையாகப் பெயர் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியனைப் பாடும் கோவைப் பாடல்கள் அதற்குள் எடுத்துக்காட்டாக வருவதால், இன்று கிடைக்கும் வடிவம் அதற்குப் பின் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து நன்னூல். "ஐயோ, இலக்கணமா!" என்று பின்வரிசையில் யாரோ முனகுவது இங்கே கேட்கிறது. ஒரே ஒரு செய்திதான். பவணந்தி முனிவர் அந்நூலின் பாயிரத்தில், உரை என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பதினான்கு உறுப்புகளைப் பட்டியல் போடுகிறார். பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம், துணிவு, பயன் என்று போகும் அந்தப் பட்டியலில் வினாவும் உண்டு, விடையும் உண்டு. இரண்டும் தனித்தனி உறுப்புகள். உரைக்குள் கேள்வி இருந்தே ஆகவேண்டும் என்று இலக்கண நூலே விதித்திருக்கிறது.

முதல் உறுப்பாகப் பாடத்தை வைத்தாரே, அது ஏன் என்று வகுப்பில் நான் விரிவாகச் சொன்னதில்லை. பாடம் என்றால் இங்கே மூலத்தில் உள்ள சொல் வடிவம். பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், வைத்தால் ஓலை கிழியும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. கால் என்று நாம் போடும் குறியும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. 'தாமரை' என்று ஓலையில் இருந்தால் அது பூவா, தாவுகின்ற மரை மானா என்று படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே உரைகாரரின் முதல் வேலை, மூலத்தில் இருப்பது என்ன சொல் என்று உறுதி செய்வது. பிறகு சொற்களைப் பிரிப்பது. இதைக் கண்ணழித்தல் என்பார்கள். நம் வீட்டுப் பிள்ளை ஒரு சொல்லை மூன்றாகப் பிரித்து ஒரு துண்டுக்கு மேல் கேள்விக்குறி போட்டாளே, அது இந்த வேலைதான்.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வி-பதில் சங்கிலி நன்றாகத் தெரியும். முழு நூலுக்கும் முதலில் உரை கண்டவர் இளம்பூரணர். அதனால் அவருக்கு 'உரையாசிரியர்' என்பதே பெயராயிற்று. அவருக்குப் பின் வந்த சேனாவரையர் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதும்போது, உரையாசிரியர் இப்படிச் சொன்னார், அது பொருந்தாது, காரணம் இது என்று பல இடங்களில் மறுத்துக்கொண்டே போகிறார். அடுத்து வந்த நச்சினார்க்கினியர் இருவரையும் மறுக்கிறார். ஆனால் யாரும் முன்னவர் உரையை அழித்துவிட்டு எழுதவில்லை. அவர் சொன்னதை எடுத்துச் சொல்லித்தான் மறுத்தார்கள். அதனால் நூறாண்டு, இருநூறாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வாதாடுவது போல நமக்குக் கேட்கிறது.

நச்சினார்க்கினியரும் தப்பவில்லை. பாட்டின் தொலைவான அடிகளில் கிடக்கும் சொற்களை எடுத்து ஒன்றாகக் கூட்டிப் பொருள் சொல்வது அவர் வழக்கம். பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு, 103 அடிகள். அதையே அவர் அப்படிக் கலைத்து அடுக்கிப் பொருள் சொல்லியிருக்கிறார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த மறைமலை அடிகள் 1903-இல் வெளியிட்ட முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் அந்த முறையை மறுத்து, பாட்டு நடக்கும் வழியிலேயே பொருள் கண்டு காட்டினார். சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியவரோடு அந்த வாதத்தை நடத்த அவர் தயங்கவில்லை.

வைணவ உரை மரபில் ஒரு நிகழ்ச்சி சொல்வார்கள். குருபரம்பரைக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது. திருவாய்மொழிக்கு நஞ்சீயர் ஓர் உரை செய்தார். ஒன்பதினாயிரப்படி என்று பெயர். படி என்பது முப்பத்திரண்டு எழுத்து கொண்ட ஓர் அளவு. அதை நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தரும்படி வரதராசர் என்ற இளைஞரிடம் மூல ஓலைகளைக் கொடுத்தார். வேறு பிரதி கிடையாது. அவர் தம் ஊருக்குப் போகும் வழியில் காவிரியைக் கடக்க வேண்டியிருந்தது. ஆற்றில் வெள்ளம். சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். நடு ஆற்றில் அது வெள்ளத்தோடு போய்விட்டது.

உங்கள் வீட்டுப்பாட நோட்டு பேருந்தில் தொலைந்துபோனதாக நீங்கள் சொன்ன கதைகளை எல்லாம் நம்பியவன் நான். ஆனால் இந்த இளைஞர் சாக்குச் சொல்லவில்லை. ஆசிரியரிடம் கேட்டதை நினைவிலிருந்து முழுவதும் எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய நல்ல பொருள்களையும் ஆங்காங்கே சேர்த்துவிட்டார். படித்துப் பார்த்த நஞ்சீயருக்குத் தாம் சொல்லாதவை உள்ளே இருப்பது தெரிந்தது. கேட்டார். நடந்ததை மாணவர் ஒளிக்காமல் சொன்னார். ஆசிரியர் கோபிக்கவில்லை. மகிழ்ந்து தழுவி, 'நம் பிள்ளை' என்றார். அன்றிலிருந்து அவர் நம்பிள்ளை. பின்னாளில் திருவரங்கத்தில் நம்பிள்ளை சொன்ன விளக்கங்களைக் கேட்டு, அவர் மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதி வைத்ததுதான் ஈடு என்னும் முப்பத்தாறாயிரப்படி. ஒன்பதினாயிரம் முப்பத்தாறாயிரம் ஆனது மாணவர்களால்தான்.

இனி என் தவறு.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இருக்கும். பதினொன்றாம் வகுப்பில் திருக்குறள் நடத்திக்கொண்டிருந்தேன். பரிமேலழகர் உரை எப்படி இருக்கும் என்று பார்க்கட்டும் என்று பள்ளி நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து, ஆர்வமுள்ளவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம் என்றேன். ஒரு மாணவி எடுத்துப்போனாள்.

பரிமேலழகரைப் பற்றி ஒரு வார்த்தை. குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பதின்மர் என்பது மரபு. அவர்களில் மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காளிங்கர், பரிமேலழகர் ஐவரின் உரைகள் இன்று கையில் இருக்கின்றன. செறிவிலும் இலக்கண நுட்பத்திலும் பரிமேலழகருக்கு இணை சொல்ல முடியாது. முன்னோர் உரைகளையும் பாட வேறுபாடுகளையும் குறித்துக்கொண்டே போவார். ஆனாலும் அவரும் தம் காலத்து மனிதர். மக்கட்பேறு என்று நாம் படிக்கும் அதிகாரத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'புதல்வரைப் பெறுதல்'. அதன் முதற் குறள், அறிவுள்ள மக்களைப் பெறுவதைவிடச் சிறந்த பேறு வேறில்லை என்கிறது. அங்கே வரும் 'மக்கள்' என்ற சொல்லுக்கு, பெண்மக்களை விலக்கி ஆண்மக்களையே குறிக்கிறது என்று அவர் விளக்கம் எழுதினார். அதே அதிகாரத்தில் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய் வருகிறாள். கேட்ட தாய் என்று ஏன் சொல்ல வேண்டும்? பெண் இயல்பால் அவள் தானாக அறிய மாட்டாள், அதனால்தான் என்று அதற்கும் ஒரு குறிப்பு.

வள்ளுவர் சொல்லாததை ஓரத்தில் இருந்தவர் உள்ளே கொண்டுவந்துவிட்டார். அவருக்கு முந்திய மணக்குடவர் உரையில் மக்கள் என்பது மக்களாகவே இருக்கிறது, பெண்ணை விலக்கும் பேச்சு இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்த மாணவி புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். புரட்டினேன். அந்த இடத்தில், ஓரத்தில், பென்சிலால் சின்ன எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "அப்ப நான் மக்கள் இல்லையா ஐயா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? "நூலகப் புத்தகத்தில் எழுதலாமா?" என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான் ஐயா" என்றாள். மேசை மேல் கிடந்த ரப்பரை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே அந்த வரியை அழித்தேன். தாளில் லேசாக ஒரு தடம் மட்டும் நின்றது. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

பொதுப் புத்தகத்தில் எழுதக்கூடாது என்று சொன்னது சரி. இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அழித்தது தவறு. 'மணக்குடவரைப் பார், அவர் அப்படிச் சொல்லவில்லை. நீ கேட்பது சரியான கேள்வி. உன் நோட்டில் எழுதி வை' என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. பரிமேலழகரை மறுத்து எழுதிய புலவர்கள் பலர் உண்டு. அவர்கள் செய்த வேலையைத்தான் பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி தனியாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்தாள். நஞ்சீயர் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன நான், அந்த இடம் வந்தபோது நஞ்சீயராக இல்லை. அந்த 'ஐயா' பரிமேலழகரா, நானா என்பதும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஓரத்தில் எழுதியது அழிந்துபோனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். அதற்கும் நம் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1880-ஆம் ஆண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார் உ.வே. சாமிநாதையர். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாக அடுக்கினார். முதலியார் அசையவே இல்லை. இவற்றுக்கெல்லாம் முந்திய சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை. முதலியார் ஒரு பிரதியைக் கொடுத்து, பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

படிக்கத் தொடங்கினால், மூலமும் புரியவில்லை, நச்சினார்க்கினியர் உரையும் பல இடங்களில் பிடிபடவில்லை. சிந்தாமணி சமண காவியம். அந்தச் சமயத்தின் சொற்களும் கொள்கைகளும் தெரிந்தால்தான் வழி திறக்கும். கும்பகோணத்தில் இருந்த சமணர் வீட்டுக்குப் போனார். வாசலில் விசேஷ நாள் போலக் கோலம். என்ன விசேஷம் என்று விசாரித்தால், அந்த வீட்டில் பல மாதமாகச் சிந்தாமணி வாசித்துவந்தார்களாம், அன்றுதான் நிறைவாம்! தமிழ்ப் புலவர் உலகம் மறந்திருந்த நூல் அங்கே வழிபாட்டுப் பொருளாக உயிரோடு இருந்தது. அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் ஐயர் நூலை விளங்கிக்கொண்டார். உரைகாரரைப் பற்றியும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. சைவரான நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஒப்பவில்லை, அவர்களிடம் போய் அந்தச் சமய நூல்களைக் கற்றுத் திரும்ப எழுதினார் என்பார்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் இருவருக்கும் வெட்கமில்லை.

இன்னொன்றும் நடந்தது. நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு சொல்லாட்சியை விளக்க வேறு நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக்காட்டுவார். பெரும்பாலும் நூலின் பெயரைச் சொல்ல மாட்டார். அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஐயரின் காலத்திலோ யாருக்கும் தெரியவில்லை. அந்த அடிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடத் தொடங்கினார். திருவாவடுதுறை மடத்து ஓலைக் கட்டுகளைப் புரட்டியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கைக்கு வந்தன. உரைகாரர் எடுத்துக்காட்டிய அடிகள் அங்கே இருந்தன! சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894 என்று வரிசையாக வந்தன. அவருக்கு முன்பே சி.வை. தாமோதரம் பிள்ளை போன்றோர் தொல்காப்பிய உரைகளை அச்சேற்றி வழிகாட்டியிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் ஐயர் இந்த வழிக்கு வந்தது, ஓர் உரைகாரர் போகிற போக்கில் எழுதி வைத்த சில எடுத்துக்காட்டுகளைப் பிடித்துக்கொண்டு என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

தாம் பட்ட பாடு அடுத்தவர் படக்கூடாது என்று தம் பதிப்புகளில் ஐயர் அடிக்குறிப்புப் போட்டார். ஒரு சொல் வேறு எந்த நூலில் எப்படி வருகிறது என்று ஒப்புமைப் பகுதிகளைக் காட்டினார். பாட வேறுபாடுகளைக் கொடுத்தார். பின்னால் அரும்பத அகராதி சேர்த்தார். மணிமேகலைக்குப் பழைய உரையே கிடைக்கவில்லை. பௌத்தக் கொள்கைகளைக் கற்றுக்கொண்டு, தாமே குறிப்புரை எழுதி 1898-இல் வெளியிட்டார்.

அழிந்துபோனவற்றின் கணக்கையும் பாருங்கள். புறநானூற்றில் 400 பாட்டு, பழைய உரை கிடைத்தது முதல் 266 பாட்டுக்கு மட்டும். அகநானூற்றிலும் 400 பாட்டு, பழைய குறிப்பு 90 பாட்டோடு நின்றுவிடுகிறது. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் கானல்வரிக்கும் வஞ்சிக் காண்டத்துக்கும் உள்ள பகுதி நமக்குக் கிடைக்கவில்லை. குறுந்தொகையில் 380 பாட்டுக்குப் பேராசிரியரும், அவர் விட்ட இருபதுக்கு நச்சினார்க்கினியரும் உரை எழுதினார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. இரண்டும் போய்விட்டன. ஐயர் 1937-இல், எண்பத்திரண்டு வயதில், தாமே குறுந்தொகைக்கு முழு உரை எழுதிப் பதிப்பித்தார்.

கிடைத்த பகுதி என்ன செய்தது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு. அடியார்க்கு நல்லார் அரங்கேற்று காதைக்கு உரை எழுதும்போது பழைய இசை, நாடக நூல்கள் பலவற்றிலிருந்து செய்திகளை எடுத்து வைத்தார். அந்த நூல்களில் பல இன்று இல்லை. இலங்கைக் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள், அந்த உரைக் குறிப்புகளைத் துணையாகக் கொண்டுதான் பழந்தமிழர் யாழின் அமைப்பை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். 1947-இல் யாழ் நூல் வந்தது. வாசிப்பவர் இல்லாமல் மறைந்துபோன ஒரு கருவியை, ஓர் உரைகாரரின் குறிப்பு வழியாகத் திரும்பத் தேடிப் போக முடிந்திருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோதுதான் அன்று நான் ரப்பரால் அழித்தது என்ன என்று எனக்கு உறைத்தது. ஒரு பாட்டைப் படித்து, அது தன்னை எங்கே தொடுகிறது, எங்கே இடிக்கிறது என்று ஒருவர் குறித்து வைப்பது அவருக்கு மட்டும் உரியதில்லை. அடுத்துப் படிப்பவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். சொந்தப் புத்தகமாக இருந்தால் பென்சிலை எடுங்கள். பொதுப் புத்தகமானால் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொற்களைப் பிரியுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்த்துப் பொருளை எழுதுங்கள், ஊகித்து எழுதினால் ஊகம் என்று குறியுங்கள். அதே சொல்லோ அதே கருத்தோ வேறெங்காவது படித்த நினைவு வந்தால் அந்த நூலின் பெயரைத் தவறாமல் எழுதுங்கள். நச்சினார்க்கினியர் செய்தது போல விட்டுவிடாதீர்கள், எல்லோருக்கும் ஓர் உ.வே.சா. கிடைக்க மாட்டார். இன்னொருவர் உரையைப் பார்ப்பதற்கு முன் உங்களுக்குத் தோன்றிய பொருளை எழுதிவிடுங்கள். பிறகு பார்த்து, மாறினால் பழையதை அழிக்காமல் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். கேள்வி வந்தால், பதில் தெரியாவிட்டாலும் கேள்வியை எழுதுங்கள். தேதி போடுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும்போது அந்தப் பக்கத்தில் உங்களையே சந்திப்பீர்கள்.

பெற்றோர்களுக்குத் தனியாக ஒன்று. பிள்ளை ஓரத்தில் எழுதியிருப்பதை அழுக்கு என்று நினைப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பதிவை அவளும் படிப்பாள் என்று நினைக்கிறேன். அம்மா, நீ எழுதிய வரியை நான் அழித்தேன். போன மாதம் பரிமேலழகர் உரை ஒன்று எனக்கென்று சொந்தமாக வாங்கினேன். ஏழாம் அதிகாரத்தைத் திறந்து, அதே இடத்தில், ஓரத்தில், உன் கேள்வியை உன் சொற்களிலேயே பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். கீழே என் பதிலையும் எழுதியிருக்கிறேன்: "நீயும் மக்கள்தான். உரைகாரர் தவறினார், நானும் தவறினேன்."

என் பேத்தி அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "தாத்தா, இது யார் எழுதினது?" என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "நானும் கீழே ஒன்று எழுதலாமா?" என்றாள். பென்சிலைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்ன எழுதினாள் என்று இன்னும் பார்க்கவில்லை.

நலமே விளைக.
அன்புடன்,
உங்கள் தமிழையா